கொய்யா கீழே, கேக் மேலே

டிசம்பர் பிறந்துவிட்டால் புனேயின் பழைய குடியிருப்புகளில் ஒரே காட்சி. கார் நிறுத்துமிடத்தை ஒட்டி நிற்கும் கொய்யா மரத்திலிருந்து பழம் உதிர்ந்து டயரில் நசுங்கிக் கிடக்கும். காவலாளி காலையில் துடைப்பத்தால் கூட்டி ஈரக்கழிவுத் தொட்டியில் தள்ளுவார். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் ஓடிஜி ஓவன் சூடேறிக்கொண்டிருக்கும். வேகும் கேக்கின் மேல் பரப்ப, டின்னில் அடைத்த புளூபெர்ரி கூழ் ஆன்லைனில் வந்து இறங்கியிருக்கும். கீழே கிடக்கும் பழத்துக்கும் மேலே வேகும் கேக்குக்கும் நடுவே இருப்பது ஒரு லிஃப்ட்தான். ஆனாலும் இரண்டும் சந்திப்பதில்லை.

பொதுமுடக்கக் காலத்தில் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் கேக் செய்யக் கற்றுக்கொண்டன. நல்ல விஷயம்தான். கற்றுக்கொடுத்த யூடியூப் காணொளிகளோ பெரும்பாலும் குளிர்நாட்டுப் பழங்களை வைத்தே எடுக்கப்பட்டவை. ஆப்பிள், பெர்ரி, பீச் என்று அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் காய்த்ததை அவர்கள் சுட்டார்கள். அதைப் பார்த்த நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய பாடம், நம் வீட்டு வாசலில் காய்ப்பதைச் சுடலாம் என்பது. எடுத்துக்கொண்டதோ அவர்களுடைய பழப் பட்டியலை.

இதைப் புனேயில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் பழமரம் பற்றிப் பெருமை பேச உரிமையுள்ள ஊர்களில் இது ஒன்று. நகரின் வடமேற்கே, பல்கலைக்கழகத்துக்கு அருகில் கணேஷ்கிண்ட் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. 1873-ல் தொடங்கப்பட்டது. 2020-ல் மகாராஷ்டிர அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இன்று நாடு முழுவதும் தோப்புத் தோப்பாகப் பயிராகும் ‘சர்தார்’ கொய்யா, அதாவது தமிழக விவசாயிகள் எல்-49 என்று கேட்டு வாங்கும் லக்னோ-49, 1927-ல் இங்கேதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவர் தோட்டக்கலை அறிஞர் ஜி.எஸ். சீமா. விதையின் பூர்விகம் வடக்கே இருந்தாலும், நாற்றுகளில் எது சிறந்தது என்று பார்த்துப் பிரித்த கண் புனேயில் இருந்தது. டயருக்கடியில் நசுங்கும் அந்தப் பழம் இந்த வம்சத்தில் வந்ததாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

கணேஷ்கிண்டின் இன்னொரு கதை அமெரிக்கா வரை போகிறது. தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜி. மார்ஷல் உட்ரோ, 1889-ல் அமெரிக்க வேளாண் துறை கேட்டதன்பேரில் மாமர ஒட்டுக்கன்றுகளைக் கப்பலேற்றி அனுப்பினார். ரகம் முல்கோபா. சேலத்துக்காரர்கள் காது நிமிர்வது தெரிகிறது. ஆம், நம் மல்கோவாவின் பெயர்தான். புளோரிடாவில் நடப்பட்ட அவற்றில் பெரும்பாலானவை 1890-களின் நடுவில் வந்த கடும் உறைபனியில் கருகின. எல்பிரிட்ஜ் கேல் என்பவரின் நிலத்தில் நின்ற ஒரு மரம் மட்டும் பிழைத்துப் பழம் கொடுத்தது. அதன் பழங்களிலிருந்து ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் 1902-ல் தன் வீட்டுத் தோட்டத்தில் விதை போட்டார். மறு ஆண்டே அவர் இறந்துவிட, மனைவி ஃப்ளாரன்ஸ் கன்றுகளைப் பார்த்துக்கொண்டார். 1910-ல் கனிந்த பழம்தான் ‘ஹேடன்’. உலகச் சந்தையில் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் அதிகம் வாங்கும் டாமி அட்கின்ஸ் உட்படப் பல ரகங்களுக்கு அதுவே மூதாதை. கம்பெனித் தோட்டத்தில் பிறக்கவில்லை அது. ஒரு விதவையின் கொல்லைப்புறத்தில் கனிந்தது. புனேயின் கொல்லைப்புறங்களில் இன்று இயந்திரம் வந்து மண் தோண்டுகிறது.

பிரபாத் ரோடு, எரண்ட்வணே, டெக்கான் ஜிம்கானா, கோத்ரூட் பக்கங்களில் பழைய பங்களாக்கள் இடிபட்டு அடுக்குமாடிகளாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பங்களாக்களின் பின்பக்கத்தில் எழுதாத ஒரு விதி இருந்தது: ஒரு மா, ஒரு பலா அல்லது சப்போட்டா, ஒரு கொய்யா, ஒரு சீத்தா, கிணற்றடியில் எலுமிச்சை. ஒரு மரம் பழுத்தால் அதன் பழமெல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைக்கும். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் தின்று தீராது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் அதே மரம். வீட்டு இனிப்புகள் பல பிறந்தது இப்படிப்பட்ட திண்டாட்டத்தில்தான்.

கொங்கணக் கரையிலிருந்து வேலைக்காகவும் படிப்புக்காகவும் புனேக்குக் குடிவந்த குடும்பங்கள் கொண்டுவந்த ‘தவ்சளி’யை எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கொல்லையில் படரும் கொடியில், பறிக்க மறந்துபோன வெள்ளரிக்காய் மஞ்சளாகிப் பெருத்துவிடும். சாலட்டுக்கு உதவாது. அதைத் துருவி, வறுத்த அரிசி ரவை, வெல்லம், தேங்காய், ஏலக்காய் சேர்த்து, அடியில் மஞ்சள் இலை பரப்பிய பாத்திரத்தில் ஊற்றி, கீழேயும் கங்கு, மூடியின் மேலேயும் கங்கு வைத்து வேகவிடுவார்கள். சில வீடுகளில் இதற்கு ‘தோண்டஸ்’ என்று பெயர். முட்டை, மைதா, சோடா மாவு எதுவும் கிடையாது. தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். வெள்ளரி விடும் சாறே ரவைக்குப் போதும். வெள்ளரி தாவரவியல் கணக்கில் பழம்தான் என்பதால், மகாராஷ்டிரத்தின் மிக எளிய ‘வீட்டுப் பழக் கேக்’ என்ற பட்டத்தை இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மேலும் கீழும் சமச்சூடு என்ற ஓவன் தத்துவம் மண்ணடுப்பிலேயே இருந்திருக்கிறது, பொத்தான்தான் இல்லை.

தமிழ்ச் சமையல் இந்த இடத்தில் வேறு பாதையில் போனது. நாம் நீராவியையும் எண்ணெயையும் நம்பினோம். நாஞ்சில் நாட்டில் பலாச்சுளையை வெல்லத்தோடு அரைத்து இலையில் மடித்து அவிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து எண்ணெயில் பணியாரமாகப் பொரிப்பார்கள். கொங்கணத்திலும் அவிப்பது உண்டு. பழுத்த பலாவின் கூழில் அரிசி ரவை கலந்து இட்லிபோல அவிக்கும் ‘சாந்தண்’ மே மாத வீடுகளில் மணக்கும். ராஸ்தா பேட்டையிலோ கட்கியிலோ தேஹு ரோட்டிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு ‘பேக்கிங்’ என்றால் தயக்கமாக இருந்தால், இட்லிப் பானையிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழமும் வெல்லமும் மாவும் சூடும் சேருவதுதான் விஷயம். சூடு எந்த வழியில் வருகிறது என்பது இரண்டாம் பட்சம்.

ஓவன் இல்லாத காலத்திலும் புனே சுட்டுத் தின்றிருக்கிறது. விடுமுறையிலும் தீபாவளிக்கு முன்பும் ரவை, மைதா, நெய், சர்க்கரையை அளந்து எடுத்துக்கொண்டு தெருமுனை பேக்கரிக்குப் போய், அவர்களுடைய விறகு அடுப்பில் நான்கட்டாய் சுட்டு வாங்கித் தகர டின்னில் நிரப்பிக்கொண்டு வருவது பல மராட்டிக் குடும்பங்களின் வழக்கம். பொருள் வீட்டினுடையது, சூடு பேக்கரியினுடையது, கூலி தட்டுக் கணக்கு. கேம்ப் பகுதியில் குடியேறிய கோவாக் கிறிஸ்தவர்கள் டிசம்பரில் கொய்யாவைச் சர்க்கரையோடு கிளறிக் கிளறிக் கெட்டியாக்கி, ‘பெராட்’ என்று துண்டு போடுவார்கள். ஈரானியர்கள் நடத்தும் பேக்கரிகளின் பெருமை தனி. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1955 முதல் இருக்கும் கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டையும் மாவா கேக்கையும் வெளியூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி ரயிலேறுகிறார்கள். இவ்வளவு பெயர் பெற்ற பேக்கரி ஊரில், ஊர்ப் பழம் ஓவனுக்குள் போவது அபூர்வமாக இருக்கிறது. மாவாவும் வெண்ணெயும் போதும் என்று பேக்கரிகள் நினைத்ததில் தவறில்லை. வியாபாரத்துக்கு ஒரே ருசி தினமும் வேண்டும். மரத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால்தான் இது வீட்டுக்குரிய வேலை.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் இங்கேதான். குறிப்பை முதலில் பிடித்துக்கொண்டு அதற்குப் பழம் தேடுகிறார்கள். பழத்தை முதலில் பார்த்து, அது எதற்கு இணங்கும் என்று கேட்பதே சரியான வரிசை. சீத்தாப்பழம் இதற்கு நல்ல எச்சரிக்கை. புனேயை அடுத்த சாஸ்வட் சந்தைக்கு மழைக்காலத்திலும் அதன் பிறகும் சீத்தாப்பழம் கூடை கூடையாக இறங்கும். மரம் வறட்சி தாங்கும், கரட்டு நிலத்திலும் காய்க்கும். பழம் இவ்வளவு மணக்கிறதே என்று அதைக் கேக் மாவில் கலந்து சுட்டவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சீத்தாச் சதை 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கசப்புத் தட்ட ஆரம்பிக்கும், நிறமும் மங்கும். மராட்டிப் பாட்டிகள் வெப்பமானி இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி, இறக்கி, முழுதாக ஆறிய பிறகே அதில் சீத்தாச் சதையைச் சேர்ப்பார்கள். அதுதான் சீத்தாப்பழ பாசுந்தி. 1984-ல் மும்பை ஜுஹுவில் ரகுநந்தன் காமத் தொடங்கிய நேச்சுரல்ஸ் கடையில் சீத்தா ஐஸ்கிரீம் கொடி நாட்டியதற்கும் இந்தக் குணம் பொருந்திவருகிறது: குளிரில் அந்தப் பழம் ராஜா. கேக்கோடுதான் வேண்டும் என்றால், வெறும் கேக்கைச் சுட்டு ஆறவைத்து, மேலே குளிர்ந்த சீத்தாச் சதையைப் பரப்ப வேண்டும். ஓவனுக்குள் அனுப்பக் கூடாது.

அத்திப்பழம் நேர் எதிர். சூடுபட்டால் அதன் இனிப்பு திரண்டு வரும். சாஸ்வட்டைச் சுற்றியுள்ள புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டா பஹார், மீட்டா பஹார் என்று விவசாயிகள் பிரிக்கும் இரண்டு பருவங்களில், கோடையை ஒட்டி வரும் மீட்டா பஹார்ப் பழமே இனிப்பு அதிகமானது. பறித்தால் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது, மெத்தென்று நசுங்கிவிடும். மரத்திலிருந்து பறித்த பிறகு பழுக்கவும் செய்யாது. இந்தப் பலவீனம்தான் புரந்தர் விவசாயிகளைப் பதப்படுத்தலின் பக்கம் தள்ளியது. 2024-ல் அங்கிருந்து அத்திச் சாறு போலந்துக்கு ஏற்றுமதியானது. வீட்டில் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மாடித் தொட்டியிலேயே அத்தி வளரும். பழுத்ததைக் குறுக்கே கீறி, கொஞ்சம் நெய், கொஞ்சம் வெல்லத்தூள், சிட்டிகை சுக்கு வைத்து 180 டிகிரியில் 15, 20 நிமிடம் விட்டால் போதும். மேலே ஒரு கரண்டி தயிரோ ஸ்ரீகண்டோ. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பழுக்காத அத்தியின் பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. அது பாலைத் திரித்துவிடும், சிலருக்குக் கையிலும் அரிக்கும். காயைக் கீறிப் பாயசத்தில் போடும் வீரத்தைத் தவிர்ப்பது நல்லது.

கொய்யாவுக்கு வருவோம். வீட்டு இனிப்புக்கு இதைவிடச் சௌகரியமான பழம் இல்லை என்பதே இக்கட்டுரையின் கட்சி. அதில் பெக்டின் அதிகம். வெந்தால் தானே இறுகிக்கொள்ளும், ஜெலட்டினோ சோளமாவோ தேவையில்லை. மணம் சூட்டில் கெடாது. புளிப்பும் இருப்பதால் வெல்லத்தைத் தாங்கும். விதை மட்டும் தொல்லை. நடுப்பகுதியைச் சுரண்டி எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் வேகவிட்டுச் சல்லடையில் தேய்த்தால் விதை மேலே தங்கும், கூழ் கீழே இறங்கும். நறுக்கிய வெளிச்சதையோடு அந்தக் கூழைச் சேர்த்து ஒரு தட்டில் பரப்ப வேண்டும்.

மேலே தூவுவதற்கு ஒரு கிண்ணம் கோதுமை மாவு, அரைக் கிண்ணம் ரவை, அரைக் கிண்ணம் தேங்காய்த்துருவல், முக்கால் கிண்ணம் நாட்டுச்சர்க்கரை, சிட்டிகை உப்பு. இவற்றோடு உருக்காத நெய் நாலைந்து கரண்டி சேர்த்து, விரல் நுனியால் உதிரி உதிரியாகப் பிசிறினால் ஆயிற்று. இதைப் பழத்தின்மேல் அழுத்தாமல் தூவி, 180 டிகிரியில் 35 நிமிடம். ஓரத்தில் சாறு கொப்பளித்து, மேலே பொன்னிறம் வந்தால் பதம். பிரிட்டனில் ‘கிரம்பிள்’ என்று சொல்லும் இந்த முறை இரண்டாம் உலகப்போர் ரேஷன் காலத்தில் பரவியது. வெண்ணெயும் மாவும் அளந்து கிடைத்தபோது முழு ‘பை’ (pie) சுடக் கட்டுப்படியாகாமல், இருக்கிற கொஞ்சத்தை உதிர்த்துப் பழத்தின்மேல் தூவினார்கள். அளவு கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் கெட்டுப்போகாது என்பதே இதன் பெரிய குணம். ஸ்பாஞ்ச் கேக் அப்படி மன்னிக்காது.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய பாத்திரத்தில் ஒரு விரல் உயரம் மணலோ கல்லுப்போ பரப்பி, உள்ளே ஒரு வளையம் வைத்து, பத்து நிமிடம் சூடேற்றிய பின் தட்டை இறக்கி மூடிவிடலாம். மேற்பரப்பு அவ்வளவாகச் சிவக்காது, ஆனால் வெந்துவிடும். புதுக் குக்கரை இதற்குப் பலி கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீரில்லாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள் என்று குக்கரோடு வரும் சிறு புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

அளவு என்றதும் ஒரு புத்தகம் நினைவுக்கு வர வேண்டும். 1970-ல் வெளிவந்த கமலாபாய் ஓகலேயின் ‘ருசிரா’, மராட்டி வீடுகளில் கல்யாணச் சீர்வரிசையோடு போகும் சமையல் நூல். நம் ஊரில் 1951-ல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ எப்படியோ, அங்கே அது அப்படி. வீட்டில் இருக்கும் கிண்ணத்தையும் கரண்டியையும் கொண்டே ஓகலே அளவு சொன்னார். புதிதாகக் குடித்தனம் வைத்த பெண்ணுக்குத் தராசு தேவைப்படவில்லை. இன்றைய கேக் காணொளிகள் கிராம் கணக்கில் பேசுகின்றன. ஃபேக்டரியில் செய்த சர்க்கரைக்கும் பாக்கெட் மாவுக்கும் அது சரி. மரத்துப் பழத்துக்குக் கிராம் கணக்கு பாதிதான் உதவும். ஒரே மரத்தின் இரண்டு கொய்யாக்களில் இனிப்பும் ஈரமும் ஒன்றாக இருக்காது. நாக்கில் வைத்துப் பார்த்துச் சர்க்கரையைக் கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டும். ரசத்துக்குப் புளி கரைப்பவருக்கு இது புது வித்தை இல்லை.

அப்படியென்றால் ஏன் பழம் குப்பைத் தொட்டிக்குப் போகிறது? சோம்பல் ஒரு பகுதிதான். பெரிய பகுதி, மரம் யாருடையது என்ற குழப்பம். பங்களாவில் மரத்துக்கு ஒரு பாட்டி இருந்தாள். எந்தக் கிளையில் எது பழுத்தது என்பது அவளுக்குத் தெரியும். ஹவுசிங் சொசைட்டியில் மரம் எல்லோருக்கும் சொந்தம். யார் பறித்தாலும் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேள்வி கேட்பார். ‘தரைத்தளத்துக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்’ என்று ஒரு செய்தி வந்தாலே போதும், அடுத்த சீசனில் மரத்தை ‘டிரிம்’ செய்யத் தீர்மானம் போட்டுவிடுவார்கள். புதுக் கட்டடங்களில் இந்தத் தகராறே வேண்டாம் என்று பில்டர்கள் அலங்காரப் பனைகளை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். காய்க்காது, உதிராது, நிழலும் தராது. வேகமாக வளர்கிறது என்று பல நகரங்களில் நட்ட கோனோகார்ப்பஸ் மரத்தைக் குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் தடை செய்யும் நிலை வந்தது. பார்வைக்குப் பச்சை என்பதை மட்டும் வைத்து மரம் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான்.

பழமரத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வௌவால் வரும், பழ ஈ மொய்க்கும், பலாக்காய் காரின் மேல் விழுந்தால் கண்ணாடி போகும். பலாவை வாகன நிறுத்தத்தின் தலைக்கு மேல் வளர்க்கச் சொல்லி யாரும் வாதாட மாட்டார்கள். மதில் ஓரம் அதற்கு ஏற்ற இடம். கொய்யாவில் புழு வைப்பது பெரும்பாலும் மழைக்காலப் பழத்தில். மிருக பஹார் என்று விவசாயிகள் சொல்லும் பருவத்தில் பூத்துக் குளிர்காலத்தில் பழுப்பவை ருசியிலும் மேல், புழுவும் குறைவு. ஒரு சிறு இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் அதில் சிக்கும். சொசைட்டியின் ஓர் ஆண்டுப் பராமரிப்புச் செலவில் இது எந்த மூலைக்கு?

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தன் மனையில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். 2021-ல் வந்த திருத்தம் 50 வயது கடந்த மரத்தைப் பாரம்பரிய மரம் என்கிறது. அதை வெட்டினால் அதன் வயது எவ்வளவோ அத்தனை கன்றுகள் நட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. அறுபது வயது மாமரத்துக்கு ஈடாக அறுபது அலங்காரக் கன்றுகள் ஊருக்கு வெளியே எங்கோ நடப்பட்டால், அந்தத் தெருவில் மே மாதம் மாங்காய் பொறுக்கிய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? எண்ணிக்கையைச் சட்டம் கேட்கிறது. காய்க்குமா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

புனே மாநகராட்சியிடம் ஏற்கெனவே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மண்புழு உரம், சூரிய சக்தி, மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றில் ஒன்றைச் செய்தால் சொத்து வரியில் 5 சதவீதம், ஒன்றுக்கு மேல் செய்தால் 10 சதவீதம் தள்ளுபடி. இந்தப் பட்டியலில் காய்க்கும் மரத்தையும் சேர்ப்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மறுகட்டுமானத்துக்கு வரைபடம் கொடுக்கும்போதே, இத்தனை மனைப்பரப்புக்கு இத்தனை பழமரம், அதற்கு வேர் இறங்கக் கான்கிரீட் இல்லாத மண் என்று காட்டச் சொல்லலாம். இரண்டு அடுக்கு நிலத்தடிப் பார்க்கிங்குக்காக மனையை மூலைக்கு மூலை தோண்டிவிட்டு, மேலே ஒன்றரை அடி மண் கொட்டி ‘லேண்ட்ஸ்கேப்’ என்று சொல்வதற்கு முடிவு கட்டினால் மாமரம் தானாக வரும்.

நகரத்துக்குள் மரம் போகிறது. நகரத்தை ஒட்டிய தோப்புகளும் நிம்மதியாக இல்லை. அத்தியும் சீத்தாவும் விளையும் அதே புரந்தர் வட்டத்தில் ஏழு கிராமங்களின் நிலத்தைப் புதிய விமான நிலையத்துக்காகக் கையகப்படுத்தும் முயற்சியை எதிர்த்து 2025-ல் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். ட்ரோன் அளவீட்டின்போது மோதலும் நடந்தது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் சந்தைக்கு வரும் உள்ளூர்ப் பழம் குறையும் சாத்தியம் கண்ணெதிரே இருக்கையில், வீட்டு மரத்தை இடைஞ்சல் என்று பார்ப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

சொசைட்டிகள் அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் ஒவ்வொரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமும் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். பெயின்ட், லிஃப்ட், தண்ணீர் டேங்கர் பாக்கி என்று போகும் நிகழ்ச்சிநிரலில் மரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினால் பாதித் தகராறு தீரும்: பழத்தை வாரத்தில் எந்த நாள் பறிப்பது, யார் பறிப்பது, வீட்டுக்கு எத்தனை, காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் எவ்வளவு, மீந்ததை எந்த வீட்டு ஓவனுக்கு அனுப்புவது. சுட்டுக் கொடுக்கும் வீட்டுக்கு நெய்யும் சர்க்கரையும் சொசைட்டிக் கணக்கில். ஒட்டுக் கொய்யா இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கத் தொடங்கிவிடும். ஜூன் மாத முதல் மழைக்குக் குழி தயாராக இருக்க வேண்டும் என்றால், எங்கே தோண்டுவது என்ற பேச்சை இந்தச் செப்டம்பர் கூட்டத்திலேயே முடித்துக்கொள்வது உத்தமம். தீர்மானம் நிறைவேற எப்படியும் இரண்டு கூட்டம் ஆகும்.